முத்து: எந்தச் சிப்பி, எந்த நீர், யார் கை?

சேலம், நாமக்கல் பக்கம் கல்லுக்குப் பஞ்சமில்லை. சேலத்தை ஒட்டி வெள்ளைக்கல் சுரங்கங்கள், கஞ்சமலையில் இரும்புத்தாது, சங்ககிரி இடைப்பாடி வட்டாரத்தில் மரகதம், சித்தம்பூண்டியில் குருந்தக்கல் என்று இந்த மண் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இவை எல்லாம் பாறையில் பிறந்தவை. முத்து அப்படியில்லை. ஓர் உயிரின் உடம்புக்குள் விளைவது. தோண்டி எடுத்துப் பட்டை தீட்டும் வேலையும் இதற்குக் கிடையாது. சிப்பியிலிருந்து வரும்போதே அதன் அழகு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் பெரும்பாலும் கெடுப்பதுதான்.

கடல் இங்கிருந்து தூரம். அதனால் முத்து விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கடைக்காரர் சொல்வதையே நம்பியிருக்கிறார்கள். கல்யாண நகை எடுக்கிற எந்தக் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

“அண்ணா, இது ஒரிஜினல் முத்துங்களா?”

“நூத்துக்கு நூறு ஒரிஜினலுங்க அம்மணி.”

கேட்டவருக்கு இதில் ஒன்றும் தெரிந்துவிடவில்லை. சொன்னவர் பொய்யும் சொல்லவில்லை. கடலில் தானாக விளைந்ததும் ஒரிஜினல்தான், பண்ணைக் குளத்தில் மனிதர் விளைவித்ததும் ஒரிஜினல்தான். இரண்டுமே சிப்பிக்குள் உண்டானவை. விலையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சிப்பி? உப்புத்தண்ணீரா, நல்லதண்ணீரா? தானாக விளைந்ததா, வளர்த்ததா? மூன்றுக்கும் வருகிற பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் முத்து வாங்க வேண்டாம்.

சிப்பிக்குள் நடப்பது

சுவாதி மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்பது நம் பெரியவர்களின் கதை. மணல் துகள் உள்ளே போய் முத்தாகிறது என்பது பள்ளிப் பாடப் புத்தகங்கள் பரப்பிய கதை. கடலடியில் கிடக்கிற சிப்பிக்கு மணல் நித்தம் பழகிய சங்கதி, அதை அது வெளியே தள்ளிவிடும். ஒட்டுண்ணியோ ஏதாவது காயமோ சிப்பியின் மேலாடைத் தசையைத் துளைக்கும்போது, ஓட்டின் உள்பூச்சைச் சுரக்கிற செல்கள் சில தசைக்குள்ளே தள்ளப்பட்டுவிடுகின்றன. அவை அங்கே ஒரு சிறு பை போலச் சூழ்ந்துகொண்டு, தங்கள் வழக்கமான வேலையான சுரப்பைத் தொடர்கின்றன. சுரப்பது கால்சியம் கார்பனேட்தான், நம்ம சுண்ணாம்புக்கல்லின் அதே சரக்கு. அது மெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே ஒரு கரிமப் பசையோடு படிகிறது. வெளிச்சம் அந்தத் தகடுகளுக்கிடையே புகுந்து மீள்வதால்தான் முத்துக்கு அந்த உள்ளொளி. பூச்சு தடிமனாக இருந்தால் ஒளி ஆழமாகத் தெரியும். அதனால் முத்தில் காசு கொடுப்பது பூச்சுக்கு.

இது சுண்ணாம்பு என்பதை மறக்காதீர்கள். பராமரிப்பு பற்றிய விதிகள் அத்தனையும் இதிலிருந்து வருபவை.

மன்னார் வளைகுடா

உலகம் முத்து என்று பேசிய காலத்தில் பெரும்பகுதி இரண்டே கடல்களைத்தான் குறித்தது. ஒன்று பாரசீக வளைகுடா. அங்கிருந்து பஸ்ரா துறைமுகம் வழியாக வந்ததால் ‘பஸ்ரா முத்து’ என்ற பெயர் இன்றும் நம் கடைகளில் உலவுகிறது. இன்னொன்று நம்முடைய மன்னார் வளைகுடா. அதன் கரைத் துறைமுகமான கொற்கையின் முத்தைச் சங்க இலக்கியம் திரும்பத் திரும்பப் பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமி நூலான பெரிப்ளஸ், கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகக் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு, சுறாவைக் கட்ட மந்திரம் போடுபவருக்கு இருபதில் ஒரு பங்கு என்று கணக்குச் சொல்கிறார். அந்த மந்திரக்காரருக்குக் கடற்கட்டி என்று பெயர். வெள்ளைக்காரர் ஆட்சியிலும் அவருக்குச் சிப்பிப் பங்கு உண்டு. அவர் கரையில் நிற்காவிட்டால் குளியாட்கள் தண்ணீரில் இறங்க மறுத்துவிடுவார்கள் என்பதால், நம்பிக்கை இல்லாத துரைமாரும் அளந்து கொடுத்தார்கள்.

முத்தை வகை பிரிப்பது இன்றைய நகைக்கடைப் படிப்பு என்று நினைப்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் பார்க்க வேண்டும். ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடுத்த நகைகளில் கோத்த முத்துகளை எண்ணிக்கையோடும் வகையோடும் சொல்கின்றன: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து. அதோடு குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் பிரிக்கிறார்கள். இன்றைக்கு ஒரு மொத்த வியாபாரி ரவுண்டு, செமி ரவுண்டு, பரோக் என்று மூன்று தட்டில் கொட்டுகிறார். ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மவர்களிடம் அதைவிட நுட்பமான கண் இருந்திருக்கிறது. கறட்டு முத்தையும் ஒட்டிப் பிறந்த இரட்டை முத்தையும் அவர்கள் ஒதுக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. இன்னதென்று எழுதி வைத்தார்கள். பில்லில் எழுதித் தரக் கேளுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேண்டியதில்லை.

பழைய முத்து வியாபாரிகள் சலித்துப் பிரித்த முறை இன்னும் சுவையானது. ஒரே அளவான பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை, பிறகு 30, 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுக்கும். இருபது துளைச் சல்லடையில் தங்கினது பெரிய முத்து. ஆயிரத்தையும் தாண்டி விழுந்தது தூள். அளவு முடிந்த பிறகு தரம்: உருண்டையிலும் ஒளியிலும் குறையே இல்லாதது ஆணி, கொஞ்சம் பின்தங்கியது அணதாரி, அதற்குக் கீழே இன்னும் பல படிகள். ‘ஆணிமுத்து’ என்று நாம் இன்றும் வாய் நிறையச் சொல்வது அந்தத் தட்டிலிருந்து வந்ததுதான்.

விலை போட ‘செவ்வு’ என்றொரு கணக்கு வைத்திருந்தார்கள். அது எடையின் வர்க்கத்தை வைத்து நடப்பது. அதாவது எடை இரண்டு மடங்கானால் விலை இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்கை நோக்கிப் போகும். இந்தக் கணக்கு வழக்கொழிந்தாலும் இதன் நியாயம் அப்படியே இருக்கிறது. 8 மில்லிமீட்டர் சரத்தின் விலை 4 மில்லிமீட்டர் சரத்தின் இருமடங்காகத்தானே இருக்க வேண்டும் என்று கடைக்காரரோடு வாதாடாதீர்கள்.

மன்னார்ப் பார்களில், அதாவது கடலடிச் சிப்பித் திட்டுகளில், சிப்பி ஆண்டுதோறும் விளையாது. சில வருடம் கொட்டும், பிறகு பத்து இருபது வருடம் ஒன்றுமே இருக்காது. இலங்கைப் பக்கம் 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பார்களை லண்டன் கம்பெனி ஒன்று இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பி வரவில்லை, கம்பெனி மூழ்கியது. தூத்துக்குடிப் பக்கம் கடைசிக் குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன் பிறகு கிடையாது. ஆகவே யாராவது ‘தூத்துக்குடிக் கடலில் போன வருடம் குளித்து எடுத்த முத்து’ என்று பொட்டலத்தைப் பிரித்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஜப்பான் செய்த வேலை

1893இல் ஜப்பானில் கோகிச்சி மிகிமோட்டோ சிப்பியைக் கொண்டு அரை முத்து விளைவித்துக் காட்டினார். முழு உருண்டைக்கான வழியை மீசே, நிஷிகாவா என்ற இருவர் 1907ஐ ஒட்டிக் கண்டார்கள். முத்துச்சிப்பியின் உடம்பில் சிறு கீறல் போட்டு, கடைந்தெடுத்த ஓட்டு மணி ஒன்றையும் இன்னொரு சிப்பியின் மேலாடைத் தசைத் துணுக்கையும் சேர்த்து வைப்பது. மீதியைச் சிப்பி பார்த்துக்கொள்ளும். அந்த உள்மணி பெரும்பாலும் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மட்டி ஓட்டில் செய்தது. ஜப்பான் முத்தின் நடுவில் அமெரிக்க ஆறு இருக்கிறது!

1920களில் இந்த முத்து லண்டனுக்கும் பாரிசுக்கும் போய் இறங்கியபோது பெரிய வழக்கு வம்பெல்லாம் நடந்தது. என்ன ஆயிற்று என்பதற்கு ஒரே ஒரு நகையின் கதை போதும். 1917இல் கார்ட்டியே நகை நிறுவனம் நியூயார்க்கில் ஒரு மாளிகையை வாங்கியபோது கொடுத்தது 100 டாலரும், பத்து லட்சம் டாலர் மதிப்பிட்ட இரட்டைச் சர முத்து மாலை ஒன்றும். அதே மாலை 1957இல் ஏலத்துக்கு வந்து ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போனது. வளர்ப்பு முத்தும், 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து பஹ்ரைன் பக்கத்து முத்துக் குளிப்பையே முடித்துவைத்தன.

நம் நாட்டில் கடல் முத்தை முதலில் விளைவித்தது தூத்துக்குடியில்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் கே. அழகர்சாமி 1973இல் அதைச் செய்தார். தொழில்நுட்பம் வந்தும் ஜப்பான், சீனா அளவுக்கு ஒரு வியாபாரமாக அது இங்கே வேர் விடவில்லை.

கடைத் தட்டில் உள்ளவை

சேலத்திலும் நாமக்கல்லிலும் ஹைதராபாத் முத்து என்று விற்பது ஹைதராபாத்தில் விளைந்ததல்ல, அங்கே கடலும் கிடையாது. நிஜாம்கள் காலத்திலிருந்து துளை போடுவதிலும் கோப்பதிலும் அந்த ஊர்க் கைகள் தேர்ந்தவை. சரக்கில் மிகப் பெரும்பகுதி சீனாவின் நன்னீர் முத்து. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சீன நன்னீர் முத்தில் பெரும்பாலானவற்றுக்குள் ஓட்டு மணி வைப்பதில்லை, தசைத் துணுக்கு மட்டும்தான். அதனால் உள்ளும் புறமும் பூச்சே. ஐம்பது வருடம் முன்பு பொரி போலச் சுருங்கிய முத்துகளைத்தான் அனுப்பினார்கள். இப்போது நல்ல உருண்டையே வருகிறது. காதோலை, ஜிமிக்கி, கெம்பு அட்டிகையின் ஓரத்தில் தொங்கும் பொடி முத்து, கல்லூரிப் பெண்ணுக்கு ஒற்றைச் சரம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும். கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பதும் இதுதான்.

அகோயா என்பது ஜப்பான் கடல் முத்து. நம் மன்னார்ச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவு. அளவு பெரும்பாலும் 9 மில்லிமீட்டருக்குள். கண்ணாடி போன்ற பளபளப்பு இதற்குரியது. ஆனால் சீக்கிரம் அறுவடை செய்த மலிவுச் சரக்கில் பூச்சு மெல்லியதாக இருக்கும். விளக்கடியில் மெல்ல உருட்டிப் பார்த்தால் உள்மணியின் கோடுகள் மின்னி மறையும். அப்படி மின்னினால் வேண்டாம்.

சவுத் சீ என்பது பெரிய வெள்ளி உதடு, தங்க உதடு சிப்பிகளில் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், மியான்மர் கடல்களில் விளைவது. ஒற்றை மோதிரத்துக்கும் பதக்கத்துக்கும் இதைக் கேட்கிறார்கள். தாஹிட்டி முத்து கருப்பு உதடு சிப்பியில் வருவது. கருப்பு என்றாலும் பச்சை, மயில் கழுத்து, சாம்பல் நிறங்கள் ஓடும். மலிவான கருப்பு முத்துச் சரம் என்றால் அநேகமாகச் சாயம் போட்ட நன்னீர் முத்து. சாயமும் தப்பில்லை, சொல்லி விற்றால்.

போலியைப் பிடிக்க

கண்ணாடி மணியில் மீன்செதில் பூச்சுப் பூசி முத்தாக்கும் வித்தை 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் வந்துவிட்டது. இன்று கண்ணாடி, பிளாஸ்டிக், ஓட்டுத் தூள் எல்லாவற்றிலும் செய்கிறார்கள்.

முன்பல்லின் விளிம்பில் லேசாக உரசிப் பார்ப்பது பழைய சோதனை. சிப்பி முத்து நறநறக்கும், போலி வழுக்கும். ஆனால் இது அசல் வளர்ப்பு முத்துக்கும் இயற்கை முத்துக்கும் வித்தியாசம் காட்டாது, கடைக்காரர் முகமும் கோணும். நான் அதிகம் நம்புவது துளையை. பத்து மடங்கு காட்டும் லென்சைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முத்தை லென்சுக்கு ஓர் அங்குலத்தில் கொண்டுவாருங்கள். போலியின் துளை ஓரத்தில் பூச்சு சுவர்ச் சுண்ணாம்பு உதிர்வது போலப் பெயர்ந்திருக்கும், அல்லது உருகி மொழுகினது போல மழுங்கியிருக்கும். உள்ளே கண்ணாடியோ வெள்ளைப் பிளாஸ்டிக்கோ பளிச்சென்று தெரியும். சிப்பி முத்தின் துளை ஓரம் கூர்மையாக இருக்கும். உள்மணி வைத்த கடல் முத்தானால் பூச்சுக்கும் மணிக்கும் நடுவே ஒரு கருங்கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே உள்ள தடிமன்தான் நீங்கள் காசு கொடுக்கும் சரக்கு. சரம் முழுக்க எல்லா முத்தும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. தீக்குச்சி வைத்துச் சுட்டுக் காட்டுவது கண்கட்டு வேலை. அசலும் அதில் கெடும்.

இயற்கையா வளர்ப்பா என்பதை எந்த லென்சும் சொல்லாது. எக்ஸ்ரேதான் வழி. மும்பை, ஜெய்ப்பூரில் உள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடங்களில் செய்கிறார்கள். ‘பஸ்ரா’ என்று சொல்லிப் பெருந்தொகை கேட்டால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் பேச்சே வேண்டாம்.

ராசிக்கு முத்து

சந்திரனுக்கு முத்து, வெள்ளியில் கட்டி, திங்கட்கிழமை போட வேண்டும் என்று ஜோசியர் எழுதித் தருகிறார். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள் உள்ள சேலத்தில் மோதிரத்துக்குக் குறைவில்லை. நம்பிக்கையைப் பற்றி எனக்குச் சண்டையில்லை. விலையைப் பற்றி உண்டு. ரத்திக் கணக்கில் சொல்லும் விலையை கிராமுக்கு மாற்றிப் பாருங்கள். அதே நன்னீர் முத்தைச் சரத்தில் வாங்கினால் என்ன விலை என்றும் கேளுங்கள். (சந்திரன் பேச்சு வந்ததால் ஒன்று: நிலவின் மண்ணைப் போன்ற செயற்கை மண்ணை இஸ்ரோ தயாரித்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலிருந்துதான். அந்தப் பாறையை யாரும் மோதிரத்தில் கட்டச் சொல்லவில்லை.)

பண்ணைக்குட்டையில் முத்து

காவிரியிலும் நம் ஏரிகளிலும் கிடக்கும் கறுத்த ஆற்றுமட்டியில் முத்து விளைவிக்க முடியும். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1987 முதல் அந்த முறையை உருவாக்கிப் பயிற்சியும் தருகிறது. பிள்ளையார், லட்சுமி உருவ அச்சை ஓட்டுக்கும் மேலாடைத் தசைக்கும் நடுவில் வைத்து, ஒன்று ஒன்றரை வருடத்தில் உருவ முத்து எடுப்பது சுலபமான வகை. உருண்டை முத்து எடுப்பது கைப்பழக்கம் வேண்டிய அறுவை வேலை.

பயிற்சிக்குப் போங்கள், தடையில்லை. முதலைப் போடும் முன் மூன்று விஷயம் யோசியுங்கள். சித்திரை வைகாசியில் உங்கள் குட்டையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், எவ்வளவு சூடாகும்? கீறிய மட்டியில் எத்தனை சாகும்? விளைந்ததை யார் வாங்குவார்? நாமக்கல்லில் முட்டைக்கு அன்றாடம் விலை அறிவிக்கிறார்கள். முத்துக்கு அப்படி ஒரு விலை கிடையாது. ‘மட்டியும் நாங்களே தருகிறோம், முத்தையும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று வருபவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். 2012இல் ஈமு கோழித் திட்டங்கள் இதே வசனத்தோடு கொங்கு நாட்டில் என்ன செய்துவிட்டுப் போயின என்பதற்குச் சாட்சி உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கும்.

பட்டறையிலும் வீட்டிலும்

முத்து பதித்த நகையைப் பற்றவைக்கக் கொடுக்கும்போது முத்தைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். அமிலத்தில் போட்டு மெருகேற்றுவதும் கூடாது. எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் முத்தைத் தின்றுவிடும். பூந்திக்கொட்டை போட்டுக் கொதிக்கிற தண்ணீரில் தங்கத்தைக் கழுவுகிற பழக்கம் முத்துக்கு ஆகாது. வியர்வையும் சென்ட்டும்கூட நாளடைவில் மங்க வைக்கும். அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டு, வீடு திரும்பியதும் முதலில் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தங்கச் சங்கிலியோடு ஒரே டப்பாவில் போட்டால் உரசியே கீறிவிடும். நித்தம் போடும் சரத்தைப் பட்டு நூலில் முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். நூல் அறுந்தாலும் ஒன்றுதான் உருளும்.

தங்க நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க அடையாள எண்ணும் தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டுமே. முத்துக்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை. மொத்த எடை, முத்து நீக்கிய தங்க எடை இரண்டும் பில்லில் தனித்தனியே இருக்க வேண்டும். முத்தின் எடைக்கும் தங்க விலை போட்டுவிடுகிற சாமர்த்தியம் இன்னும் ஒழியவில்லை.

கடைசியாக, பழைய நகை. பாட்டி காலத்துத் தோடு, மாட்டல், அட்டிகையை மாற்றப் போகும்போது கடைக்காரர் முத்துகளைக் குறட்டால் நசுக்கி உடைத்துத் தட்டில் தள்ளிவிட்டுத் தங்கத்தை மட்டும் எடைபோடுவார். அந்த முத்து இயற்கை முத்தாக இருக்க இடமுண்டு. வளர்ப்பு முத்து நம் ஊர்க் கடைகளில் மலியும் முன் செய்த நகை என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும். மங்கியிருக்கும், சற்றே மஞ்சள் பாய்ந்திருக்கும், ஒன்றுக்கொன்று அளவு ஒத்துவராது, அதெல்லாம் குறையல்ல. உடைக்க விடாமல் கழற்றி வாங்கி, ஒரு பொட்டலத்தில் நகையின் பெயரும் யாருடையது என்பதும் எழுதி வையுங்கள். அதில் பெரியதாக உள்ள இரண்டு மூன்றை மட்டும் எக்ஸ்ரேக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, மற்றதை என்ன செய்வது என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.